ஆதார் ஜெராக்ஸ் ஊரெல்லாம் கிடக்கிறது, இனிப் பூட்டி என்ன பயன்?

கேள்வி, 3 செப்டம்பர் 2025, தேவகோட்டை வாசகர் ஒருவர்

"கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டப் போனால் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். லாட்ஜில் கேட்கிறார்கள், கேஸ் ஏஜென்சியில் கேட்கிறார்கள், நகைக்கடனுக்குக் கேட்கிறார்கள். இந்தப் பத்து வருடத்தில் என் நகல் ஐம்பது இடத்திலாவது கிடக்கும். இதற்குமேல் நம்பரை மறைக்கிறேன், பூட்டுகிறேன் என்று கிளம்புவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தானே?"

3 செப்டம்பர், இரவு

கண் இன்னும் கெடவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் காரைக்குடியில் ஒரு வண்டிக் கடையில் மசாலா சீயம் நாலு வாங்கினேன். பள்ளத்தூருக்கு வந்து பிரித்தால் மடித்த காகிதம் ஒரு ஆதார் நகல். எண்ணெய் ஊறி காகிதம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அதில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணின் முகம், நெற்றியில் பெரிய பொட்டு. முதல் நான்கு இலக்கம் எண்ணெய்க் கறையில் போய்விட்டது, மீதி எட்டும் பளிச்சென்று தெரிந்தது. கீழே நீல மையில் கையெழுத்து, தேதி. எந்த அலுவலகத்திலோ கொடுத்தது, கட்டுக்கட்டாக எடைக்குப் போய், சீயம் மடிக்க வந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இது தெரியவே தெரியாது. கிழித்து அடுப்பில் போட்டேன். அன்றைக்குச் சீயம் இறங்கவில்லை.

முதலில் ஒன்று செய்யுங்கள். கேட்கிற இடத்தில் முழு எண் உள்ள நகலைக் கொடுக்காதீர்கள். மை ஆதார் தளத்தில் "மாஸ்க்டு ஆதார்" என்று ஒன்று இறக்கிக்கொள்ளலாம். முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். மண்டபத்துக்கும் லாட்ஜுக்கும் அது போதும். கொடுக்கும்போது குறுக்கே "இன்ன காரியத்துக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போடுங்கள். போட்டோவுக்கு மேலேயே ஏறுகிற மாதிரி எழுதுங்கள்.

4 செப்டம்பர்

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். எண் வெளியே போனால் எல்லாம் போயிற்று என்கிற மாதிரி ஆகிவிட்டது. அது சரியில்லை.

வெறும் 12 இலக்கத்தை வைத்து யாரும் உங்கள் வங்கிப் பணத்தை எடுத்துவிட முடியாது. எண்ணோடு ரேகையோ, கண்ணோ, முகமோ, மொபைலுக்கு வரும் ஓடிபியோ சேர்ந்தால்தான் அது வேலை செய்யும். நகலை வைத்து ஆள்மாறாட்டம் செய்யலாம், சிம் வாங்கப் பார்க்கலாம், கடன் விண்ணப்பம் போடப் பார்க்கலாம். அந்த ஆபத்து உண்மை. ஆனால் வீட்டு முகவரி தெரிவதும் வீட்டுச் சாவி கையில் இருப்பதும் வேறு வேறு. போனது முகவரி. சாவி இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது, அல்லது இருக்க வேண்டும். இதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

இன்னொன்று. முதல் நான்கு இலக்கம் மாநிலத்தையும் மாவட்டத்தையும் காட்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். கிடையாது. எண்ணில் ஊரும் இல்லை, சாதியும் இல்லை, பிறந்த வருடமும் இல்லை. வரிசையே இல்லாமல் விழும் எண் அது. 0, 1 இரண்டிலும் தொடங்காது. கடைசி இலக்கம் மற்ற பதினொன்றும் சரிதானா என்று பார்க்க வைத்த சோதனை இலக்கம். தப்பாக ஒரு இலக்கம் அடித்தால் தளம் உடனே "செல்லாது" என்பது அதனால்தான்.

7 செப்டம்பர்

தளத்திலிருந்து இறக்கிய இ-ஆதார் கோப்பு பாஸ்வேர்ட் போட்டும் திறக்கவில்லை என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். மூவரும் நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்காரர்கள். காரணம் எனக்கு உடனே தெரிந்தது. நம் இனிஷியல்.

பாஸ்வேர்ட் என்பது ஆங்கிலத்தில் உள்ள பெயரின் முதல் நான்கு எழுத்து, பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருடம். சுரேஷ் குமாருக்கு இதில் சிக்கல் இல்லை. நம் நகரத்தார் வீடுகளில் தகப்பனார் பெயர் பழனியப்பன் என்றால் இனிஷியல் "பழ.", ஆங்கிலத்தில் பி.எல். சிதம்பரம் என்றால் "சித.", சி.டி. ராமநாதன் என்றால் ஆர்.எம். ஏவி.எம் என்று உலகமே சொல்கிறதே, அந்த ஏவி என்பது ஆவிச்சி. காரைக்குடிக்குப் பல்கலைக்கழகம் வரக் காரணமான கோட்டையூர் அழகப்பச் செட்டியாரை ஆர்.எம். அழகப்பச் செட்டியார் என்றுதான் எழுதுவார்கள். அந்த ஆர்.எம். ஒரே பெயர், ராமநாதன். அதை ஆர். தனி, எம். தனி என்று இரண்டு பெயராகப் பிரித்தால் அவர் வேறு ஆளாகிவிடுவார்.

ஆதார் பதிகிற இடங்களில் நடந்தது அதுதான். வெளியூர்ப் பையன்கள் வந்து பதிந்தார்கள். ஆர்.எம். என்பதை ஆர் என்றும் எம் என்றும் பிரித்து அடித்தார்கள். சிலருக்குப் புள்ளி வைத்தார்கள், சிலருக்கு இல்லை, சிலருக்கு இனிஷியல் பெயருக்குப் பின்னால் போய்விட்டது. அப்புறம் பான் கார்டில் இனிஷியல் ஏற்கமாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். ஆக ஒரே மனிதர் பானில் "மெய்யப்பன் ராமநாதன்", ஆதாரில் "ஆர் எம் மெய்யப்பன்", பாங்கியில் "ஆர்.எம். மெய்யப்ப செட்டியார்". மூன்றையும் இணைக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் இவர்கள் மூன்று பேர் என்கிறது.

சுவீகாரம் போன வீடுகளில் இன்னும் கஷ்டம். பள்ளிச் சான்றிதழில் பெற்ற தகப்பனார் இனிஷியல், அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் சுவீகார வீட்டு இனிஷியல்.

எங்கள் அப்பச்சி (அப்பா) பதியப் போன கதையை இங்கே சொல்ல வேண்டும். 2013-ல் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். கணினிக்குப் பின்னால் இருந்த பையன், "ஐயா, விலாசம் சொல்லுங்க" என்றான். அப்பச்சி நிமிர்ந்து உட்கார்ந்து, மூன்று தலைமுறை இனிஷியலையும் ஒன்றுவிடாமல் சொன்னார்கள். நம்மிடையே விலாசம் என்றால் அதுதானே. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்த காலத்தில் ஒரு வீட்டின் நாணயம் முழுவதும் அந்த நாலைந்து எழுத்தில் இருந்தது. பையன் பேந்தப் பேந்த விழித்தான். "தெரு பேரு கேட்டேங்கய்யா." வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்துவிட்டோம், அப்பச்சியும் சேர்ந்துதான்.

8 செப்டம்பர்

பாஸ்வேர்ட் விஷயத்தை முடிக்காமல் விட்டுவிட்டேன். புள்ளியும் ஒரு எழுத்தாகக் கணக்கு. ஆதாரில் பி, எல் இரண்டையும் நடுவில் புள்ளி இல்லாமல் சேர்த்து எழுதி, பின்னால் ஒரு புள்ளியோடு மெய்யப்பன் என்றிருந்தால், பி, எல், புள்ளி, எம், பிறகு வருடம். இடைவெளி கணக்கில் வராது. கார்டில் இருக்கிறபடி பாருங்கள், உங்கள் வழக்கப்படி அல்ல.

பெயரைத் திருத்தப் போகிறவர்கள் கவனம்: வாழ்நாளில் பெயரை இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறை. பானோடு ஒத்துப்போகிற மாதிரி யோசித்து எழுதிக்கொண்டு போங்கள். கவுண்டருக்கு முன்னால் நின்று யோசிக்காதீர்கள். திரையில் காட்டும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். 80 வயது தாண்டியவர்களுக்குப் பான் - ஆதார் இணைப்பே கட்டாயம் இல்லை, அதற்காகப் பெரியவர்களை வெயிலில் அலைக்கழிக்க வேண்டாம்.

14 செப்டம்பர்

சாவி பற்றி எழுதுகிறேன் என்றேன். பூட்டு இரண்டு இருக்கிறது. பலர் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள்.

ஒன்று, எண்ணையே பூட்டுவது. பூட்டிவிட்டால் அந்த 12 இலக்கத்தை வைத்து யாரும் உங்களைச் சரிபார்க்க முடியாது. அதற்குப் பதிலாக 16 இலக்க விர்ச்சுவல் ஐடி ஒன்று எடுத்துக்கொண்டு அதைக் கொடுக்கலாம். 2018-ல் வந்த வசதி. வேண்டும்போது பழையதை விட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். பூட்டுவதற்கு முன்பே அதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், திறக்கவும் அது வேண்டும்.

இரண்டாவது, பயோமெட்ரிக் பூட்டு. ரேகை, கண், முகம் மூன்றும் அடைபடும். ஓடிபி மட்டும் நடக்கும். தேவைப்பட்டால் பத்து நிமிடத்துக்குத் திறந்து வேலை முடித்தால், தானே மறுபடி பூட்டிக்கொள்ளும்.

நான் சொல்வது இரண்டாவதைத்தான். ரேகை வைத்துப் பணம் எடுக்கிற மெஷின் இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டது. கார்டு வேண்டாம், பின் வேண்டாம், ஆதார் எண்ணும் விரலும் போதும். பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையைப் படி எடுத்து, ரப்பரில் வார்த்து அந்த மெஷினில் வைத்துப் பணம் எடுத்த வழக்குகள் பல மாநிலங்களில் நடந்திருக்கின்றன. ஓடிபியை மாற்றலாம், சிம்மை மாற்றலாம், விரலை எங்கே போய் மாற்றுவது?

நேற்று அப்பச்சியின் பயோமெட்ரிக்கையும் என்னுடையதையும் பூட்டினேன். ஐந்து நிமிட வேலை. நிம்மதியாக இருக்கிறது.

15 செப்டம்பர்

"கேட்டால் கொடுத்துத்தானே ஆகணும்" என்கிறவருக்கு. 2018 செப்டம்பர் 26 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒரு முறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அரசு மானியம், உதவித்தொகை, பான் இணைப்பு, இவற்றுக்கு ஆதாரைக் கேட்கலாம். வங்கிக் கணக்குக்கும் சிம்முக்கும் அதைத்தான் கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ காட்டலாம். லாட்ஜில் நான் ஓட்டுநர் உரிமம்தான் நீட்டுகிறேன். ஒருவரும் மறுத்ததில்லை.

நகல் கொடுக்காதீர்கள், மாஸ்க்டு கொடுங்கள் என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே ஒரு அறிவிப்பு விட்டது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது என்று மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. எனக்கு அதில் இன்றுவரை வருத்தம்தான். சொன்னது நல்ல விஷயம். சொன்னதோடு நிற்க விட்டிருக்கலாம்.

2 அக்டோபர்

திருத்தக் கட்டணம் கேட்டவருக்கு 50, 100 என்று பதில் சொல்லியிருந்தேன். நேற்றிலிருந்து மாறிவிட்டது. பெயர், முகவரி, மொபைல் போன்ற திருத்தத்துக்கு 75 ரூபாய், ரேகையும் கண்ணும் புதுப்பிக்க 125. பிள்ளைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும், அது இலவசம். அதைத் தவறவிட்ட 7 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கும் இப்போது ஒரு வருடத்துக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்திருக்கிறார்கள். பேரன் பேத்தி வீட்டில் இருந்தால் நீலக் கார்டை எடுத்துப் பாருங்கள். ஐந்து வயதுக்கு முன் எடுத்த அந்தக் கார்டில் ரேகையே கிடையாது.

ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீதில் உள்ளதற்குமேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

6 அக்டோபர்

ரேஷன் கடையில் இன்று கண்டது. இதை எழுதாமல் தூங்க முடியாது.

எனக்கு முன்னால் ஆத்தங்குடிக்காரர் ஒருவர் நின்றார். தரையில் பதிக்கிற பூக்கல் செய்கிறவர். கண்ணாடியின் மேல் சாயத்தை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவிட்டு எடுக்கிற வேலை. கை நாள் முழுவதும் ஈரத்திலும் சிமெண்டிலும் கிடக்கும். மெஷினில் கட்டைவிரலை வைத்தார், சிவப்பு விளக்கு. வேட்டியில் துடைத்து வைத்தார், சிவப்பு. விரலை வாயால் ஊதி வைத்தார். கடைக்காரம்மா, "தலைமுடியில தேச்சு வைங்கண்ணே, எண்ணெப் பசை பட்டா விழும்" என்றார்கள். தேய்த்து வைத்தார். விழவில்லை. என் பக்கம் திரும்பி விரலைக் காட்டினார். நிஜமாகவே ஒன்றுமில்லை. அவர் போடுகிற கல் மாதிரியே வழவழவென்று இருந்தது, வரியே இல்லை. "முப்பது வருஷத்துல இது எங்கயோ ஒரு வீட்டு வளவுல பதிஞ்சு போச்சு ஆச்சி" என்று சொல்லிச் சிரித்தார்.

கடைசியில் கண் பார்க்கிற கருவியில் பார்த்து அரிசி வாங்கிப் போனார். அரை மணி நேரம்.

ரேகை விழாதது குற்றம் இல்லை, அதற்காக யாரும் பொருள் இல்லாமல் திரும்பக் கூடாது. கண் கருவியைக் கேளுங்கள். வேறு விரலை வைத்துப் பாருங்கள், ஒவ்வொருவருக்கும் நன்றாக விழுகிற விரல் வேறு. வர முடியாதவர்கள் தமக்குப் பதிலாக ஒருவரை நியமிக்க எழுதிக் கொடுக்கலாம். வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீடுகளுக்கு, ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் பொருளே வீடு தேடி வரும். நம் ஊர்களில் அப்படி வீடுகள் எத்தனை! அறுபது தூண் வீட்டில் இரண்டே பேர்.

18 அக்டோபர்

செப்டம்பர் 14-ல் "நிம்மதியாக இருக்கிறது" என்று எழுதியிருந்தேனே, அதைத் திருத்த வேண்டும்.

அப்பச்சி அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவர்கள், வயது 84. எல்லாருக்கும் பென்ஷனுக்கான வாழ்வுச் சான்று நவம்பரில் என்றால் 80 தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். மூன்று வருடமாக போனிலேயே முகத்தைக் காட்டி முடித்துவிடுகிறோம். கண் சிமிட்டச் சொல்லும், சிமிட்டினால் ஆயிற்று.

இந்த முறை ஆகவில்லை. முகப்பில் உட்கார வைத்தேன். வெளிச்சம் போதவில்லை போல என்று வளவு முற்றத்துக்குக் கூட்டி வந்தேன். கண்ணாடியைக் கழற்றினேன். கண்புரை அறுவைக்குப் பிறகு கண் மாறிவிட்டதோ என்று பயந்தேன். அப்பச்சி பொறுமையாகச் சிமிட்டிச் சிமிட்டி, எட்டாவது முறை, "நான் உசுரோட இருக்கேன்னு நானே சொல்றேன், அது நம்ப மாட்டேங்குதே" என்றார்கள். சிரிப்பாகச் சொன்னதுதான். எனக்குத் தொண்டை அடைத்தது.

திரையில் 330 என்று ஒரு எண் வந்துகொண்டே இருந்தது. மறுநாள்தான் அதைப் படித்தேன். பயோமெட்ரிக் பூட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பூட்டினால் முகமும் அடைபடும் என்று நானே இங்கே எழுதியிருக்கிறேன், எழுதிவிட்டு மறந்திருக்கிறேன். பத்து நிமிடத்துக்குத் திறந்தேன், முதல் சிமிட்டலிலேயே முடிந்தது.

பூட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. பூட்டினால் காலண்டரில் எழுதி வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லி வையுங்கள். நான் ஊரில் இல்லாத நாளில் இது நடந்திருந்தால் அப்பச்சி என்ன செய்திருப்பார்கள்?

19 அக்டோபர்

நாளை தீபாவளி. அதிரசம் சுட உட்கார வேண்டும். கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன்.

2 நவம்பர்

வெளிநாட்டுப் பிள்ளைகள் விஷயம். கோலாலம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆதார் எடுக்கலாமா என்று. இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் எடுக்கலாம். இங்கே வசிப்பவர்களுக்குச் சொல்கிற, 182 நாள் இங்கே தங்கியிருக்க வேண்டும் என்கிற கணக்கு உங்களுக்கு இல்லை. கல்யாணத்துக்கு வந்த நாலு நாளில் போய்ப் பதியலாம். ஒன்று நினைவிருக்கட்டும், ஆதார் அடையாளத்துக்குச் சான்று, குடியுரிமைக்கு இல்லை.

எடுத்த பிறகுதான் சிக்கல் வரும். என் தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் ஆதாரில் உள்ளது இங்கே படிக்கும்போது வாங்கிய சிம். ரீசார்ஜ் செய்யாமல் விட்டான். பிரீபெய்டு சிம்மை 90 நாள் தொடாமல் விட்டால் கம்பெனி அடைத்துவிடலாம், பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். போயேவிட்டது. போன வருடம் அந்த எண்ணுக்குப் போட்டேன், திருப்பூர்ப் பக்கத்துக் குரல் ஒன்று, "யாருங்க வேணும்?" என்றது. நல்ல மனிதர். ஆனால் என் தம்பிக்கு வர வேண்டிய ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும்.

இந்த 2025 நவம்பரில் மொபைல் எண்ணை ஆன்லைனில் மாற்ற வசதி இல்லை, ஆளே போக வேண்டியிருக்கிறது. சான்று எதுவும் கேட்கமாட்டார்கள், விரல் மட்டும் போதும். பிள்ளையார் நோன்புக்கு வருகிறான், வந்ததும் முதல் வேலை அதுதான் என்று சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டில் யாராவது வெளியே இருந்தால் அவர்களின் பழைய எண்ணுக்கு இன்றே ஒரு கால் போட்டுப் பாருங்கள்.

12 நவம்பர்

இரண்டு சம்பவம். இரண்டும் என் கண்ணெதிரில் உள்ளவர்களுக்கு நடந்தவை.

எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிற அக்கா ஒரு கடையில் சிம் வாங்கினார்கள். "ரேகை சரியா விழலை, இன்னொரு தரம் வைங்க" என்று இரண்டு முறை வாங்கியிருக்கிறான். சஞ்சார் சாத்தி தளத்தில் போய்ப் பார்த்தேன். நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று அது காட்டும். அக்கா பெயரில் இரண்டு. ஒன்று அவர் கையில், மற்றது யார் கையிலோ. "என் எண் அல்ல" என்று அங்கேயே புகார் போட்டேன். இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் அதைத்தான் பார்த்துக் கொடுக்கிறேன்.

அடுத்தது எதிர் வீட்டு அயித்தை. மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் வந்துவிட்டதா என்று பார்க்கப் பக்கத்துத் தெருவில் ரேகை மெஷின் வைத்திருப்பவரிடம் போனார்கள். "இன்னும் ஏறலை, நாளைக்கு வாங்க." மறுநாள் வேறு இடத்தில் பாஸ்புக் பதிந்தால், முதல் நாளே 1000 வந்திருக்கிறது, முதல் நாளே 1000 எடுத்திருக்கிறது. பேலன்ஸ் பார்க்க வைத்த விரலில் பணம் எடுத்திருக்கிறான். அயித்தையைக் கூட்டிக்கொண்டு நேரே பாங்கிக்குப் போனேன், சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கும் போட்டேன். பணம் பிறகு திரும்பி வந்தது. அவர்கள் அந்த ஒரு வாரம் சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

விரலை வைக்குமுன் திரையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். வைத்த பிறகு சீட்டு கேளுங்கள். சீட்டு வராவிட்டால் அங்கேயே நில்லுங்கள். வீட்டுக்கு வந்து மை ஆதாரில் சரிபார்ப்பு வரலாற்றைப் பாருங்கள். கடந்த ஆறு மாதத்தில் எங்கெல்லாம் உங்கள் ஆதார் கேட்கப்பட்டது என்று தேதி, நேரத்தோடு இருக்கும். தெரியாத ஒன்று இருந்தால் ஆதார் உதவி எண் 1947-க்குப் பேசுங்கள்.

புது ஆதார் ஆப் வந்திருக்கிறது, இறக்கிப் பார்த்தேன். முழுக் கார்டையும் காட்டாமல் வேண்டியதை மட்டும் கியூஆர் வழியாகக் காட்டலாம். நல்ல எண்ணம். மண்டபத்து மேனேஜர் அதை ஸ்கேன் செய்யப் பழக வேண்டும், அதுவரை மாஸ்க்டு நகல்தான்.

23 நவம்பர்

புதுவயல் வாசகர் ஒருவர் கேட்டது நான்கு நாளாக என்னை விடவில்லை. "உங்கள் அப்பச்சியின் ஓடிபி யார் போனுக்கு வருகிறது?"

என் போனுக்கு. 2013 முகாமில் தம்பியின் எண்ணைக் கொடுத்தோம். அவன் சிங்கப்பூர் போன பிறகு நான் என் எண்ணுக்கு மாற்றினேன். பெரியவர்களுக்கு எதற்குத் தொந்தரவு என்றுதான் நினைத்தேன். எதிர் வீட்டு அயித்தைக்காக வரிந்துகட்டிக்கொண்டு போன எனக்கு இது உறைக்கவே இல்லை. நாற்பது வருடம் அஞ்சலகத்தில் ஊராரின் மணியார்டரைக் காசு குறையாமல் எண்ணிக் கொடுத்தவர்கள். இன்று அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்லவே என் போன் வேண்டியிருக்கிறது.

என்னிடம் கெட்ட எண்ணம் இல்லை என்பது பதிலாகாது. அந்த மெஷின்காரனையும் தெருவில் எல்லாரும் நல்லவன் என்றுதான் சொன்னார்கள். என் போன் தொலைந்தாலோ எனக்கே ஒன்று ஆனாலோ அப்பச்சியின் கணக்கு, பென்ஷன் எல்லாம் நின்றுவிடும். நம் வீடுகளில் ஆயாக்கள் (பாட்டிமார்) இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகியிருப்பார்கள். தள்ளாத வயதிலும் பெட்டகச் சாவியை மருமகளிடம் கொடுக்கமாட்டார்கள். அதை நாம் பிடிவாதம் என்று பேசியிருக்கிறோம்.

செப்டம்பர் முதல் எண்ணை மறையுங்கள், ரேகையைப் பூட்டுங்கள் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ஆதாரில் உள்ள மொபைல் எண் யாருடையதோ அவர்தான் அந்த ஆதாருக்குச் சொந்தக்காரர். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஓடிபி யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள்.

அப்பச்சியிடம் பட்டன் போன் இருக்கிறது, சிம் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. அதற்கே மாற்றப் போகிறேன்.

4 டிசம்பர்

மையத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அஞ்சல் வங்கி மூலம் தபால்காரரே வீட்டுக்கு வந்து மொபைல் எண்ணை மாற்றிக் கொடுக்கிறார். 2021-லிருந்து இருக்கிற வசதி, எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

தபால்காரர் வருகிறார் என்றதும் அப்பச்சி காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, முகப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். வந்த பிள்ளைக்கு வயது இருபத்தைந்து இருக்கும். வேலையைத் தொடங்குமுன் கால் மணி நேரம் பீட் (தினமும் சுற்றுகிற வட்டம்) எவ்வளவு, சைக்கிளா வண்டியா என்று விசாரணை. நான் மறக்காமல் பூட்டைத் திறந்தேன், கடைசி முறையாக என் போனுக்கு ஓடிபி வந்தது. கட்டைவிரல் விழவில்லை, ஆள்காட்டி விரல் விழவில்லை, மோதிர விரலில் பச்சை விளக்கு எரிந்தது. "ஐயா, இனிமே உங்களுக்கு இதுதான் விரல், ஞாபகம் வச்சுக்கங்க" என்றான் பிள்ளை. காப்பி குடித்துவிட்டுப் போனான்.

13 டிசம்பர்

மாறிவிட்டது. இன்று மதியம் சோதித்துப் பார்க்க இ-ஆதார் இறக்கினோம். நான் மடிக்கணினியோடு பட்டாலையில், அப்பச்சி எதிரில் சாய்வு நாற்காலியில். பட்டன் போன் மேல்பையில் கிர்ரென்றது. எடுத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, தூரமாகப் பிடித்துப் படித்தார்கள்.

"வந்துருச்சா அப்பச்சி? சொல்லுங்க, அடிக்கிறேன்."

போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு இதுலயே போட்டிருக்கு."

கணினியை அவர்கள் மடிக்கு நகர்த்தி வைத்தேன். ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி ஆறு இலக்கமும் அவர்களே அடித்தார்கள்.